செம்பு எந்தக் கையைத் தேர்கிறது?

புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிகளுக்குத் தெற்கே டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா. அதைத் தாண்டினால் புக்கிட் தீமா மழைக்காடு. விழுந்து கிடக்கும் மரங்களை அங்கே யாரும் அகற்றுவதில்லை. சில மாதங்களில் அவற்றின் மேல் தட்டுத் தட்டாகக் காளான்கள் விரிகின்றன. வெள்ளை அழுகல் காளான் என்று தாவரவியலார் அழைக்கும் வகை, மரத்தின் மிகக் கடினமான பகுதியான லிக்னினையே கரைத்துவிடும். அதற்கு அது பயன்படுத்தும் நொதிகளுள் ஒன்று லாக்கேஸ். அதன் நடுவே நான்கு செம்பு அணுக்கள் இருக்கின்றன. ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலிலிருந்து 1883இல் யோஷிடா இந்த நொதியை முதன்முதலாக இனங்கண்டார். செல்லுலோஸ் இழைகளை வெட்டும் இன்னொரு காளான் நொதிக்கு ஒரே ஒரு செம்பு அணு போதும். அந்த நொதிக் குடும்பம் ஆக்சிஜனேற்றத்தால் வெட்டுகிறது என்பது 2010இலும், வெட்டுவது செம்புதான் என்பது 2011இலும் தெளிவாயின. கொதிக்கும் அமிலமோ உயர் அழுத்தமோ இல்லாமல், சாதாரண வெப்பத்தில், ஈரமான காற்றை வைத்துக்கொண்டு இவ்வளவும் நடக்கிறது.

இதே வேலையை நாம் எப்படிச் செய்கிறோம்? சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரி மாணவர் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக மாற்றக் கற்கும் முதல் வழி, அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறுவதைப் பார்த்து, வினை முடிந்தது என்று குறித்துக்கொள்கிறார். குடுவையில் மிஞ்சுவது குரோமியக் கழிவு. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் பல பத்தாண்டுகளாக அந்த வட்டாரத்து நிலத்தடி நீரைக் கெடுத்துவருவதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் அறிவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு, மலிவான செம்பைக் கொண்டு, தேவையான இடத்தை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்ய ஒரு சிறிய மூலக்கூறால் முடியுமா என்பது வேதியியலின் பழைய கேள்வி. அதைவிடக் கடினமான கேள்வி அதன் பின்னால் நிற்கிறது: இடக்கை, வலக்கை என இரண்டு வடிவில் ஒரு பொருள் இருந்தால், அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க அந்தச் சிறு மூலக்கூறால் முடியுமா?

கை என்று சொல்வது வெறும் அலங்காரத்துக்காக இல்லை. நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கிய கார்பன் அணு, தன் ஆடிபிம்பத்தோடு ஒருபோதும் பொருந்தாத வடிவத்தை மூலக்கூறுக்குத் தருகிறது. அத்தகைய மூலக்கூறைக் கைரல் என்கிறோம். தேக்கா சந்தையில் வாங்கும் புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் சேர்மம். சதகுப்பையின் மணத்துக்கும் அதே கார்வோன்தான் காரணம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டரில் வீசுவது அந்த வாசனையே. அணுக்களும் பிணைப்புகளும் ஒன்றுபோல இருந்தும் கை மட்டும் வேறு. நம் மூக்கிலுள்ள புரதங்கள் அதைச் சட்டெனக் கண்டுகொள்கின்றன. மூக்குக்கு இருக்கும் இந்தத் திறன் உடலின் மற்றப் புரதங்களுக்கும் உண்டு. அதனால்தான் இன்று மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் ஒவ்வொரு கைவடிவத்தையும் தனித்தனியாக ஆராயச் சொல்கின்றன. கார்வோனை இங்கே எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. புதினாச் செடி அதை லிமோனீனிலிருந்து தயாரிக்கிறது: இரட்டைப் பிணைப்புக்கு அடுத்துள்ள ஒரு கார்பனில் ஆக்சிஜனைச் செருகி, பிறகு ஹைட்ரஜனை நீக்குகிறது. செடி அதற்கு இரும்பு நொதியைப் பயன்படுத்துகிறது. ஆய்வகத்தில் அதே இடத்தில் ஆக்சிஜன் செருகச் செம்பு உதவியது. அந்தக் கதை பிறகு வரும்.

இந்தத் துறை முழுவதையும் புரிந்துகொள்ள ஒரே ஒரு நொதியை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறேன். அது கேலக்டோஸ் ஆக்சிடேஸ். ஃபுசேரியம் வகைப் பூஞ்சை சுரக்கும் புரதம். மூலக்கூறு எடை சுமார் 68,000. நடுவே ஒரே ஒரு செம்பு. கேலக்டோஸ் சர்க்கரையின் ஆறாவது கார்பனிலுள்ள ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கி, ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது இதன் வேலை. கேலக்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் உள்ள வேறுபாடு நான்காவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பது மட்டுமே. வினை நடக்கும் இடம் அதுகூட இல்லை. இருந்தும் இந்த நொதி குளுக்கோஸைத் தொடுவதில்லை. ஆறாவது கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் உள்ளன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நொதி எப்போதும் அவற்றில் குறிப்பிட்ட ஒன்றையே பிடுங்குகிறது.

வேதியியலாளர்களை நெடுங்காலம் குழப்பியது வேறொன்று. ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்க இரண்டு எலக்ட்ரான்கள் வெளியேற வேண்டும். செம்பு வழக்கமாக ஒரு எலக்ட்ரானைத்தான் வாங்கும். இரண்டிணைதிறன் நிலையிலிருந்து ஓரிணைதிறன் நிலைக்குப் போகும், அவ்வளவே. தனியாக நிற்கும் ஒரு செம்பு இரண்டாவது எலக்ட்ரானை எங்கே வைக்கும்? மூவிணைதிறன் செம்பு என்று சிலர் வாதிட்டார்கள். 1988இல் விட்டேக்கர் இணையர் வேறு விடை சொன்னார்கள்: இரண்டாவது எலக்ட்ரானை வாங்குவது புரதமே, அதிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலம் இணையற்ற எலக்ட்ரானோடு தனி உறுப்பாக மாறி நிற்கிறது. 1991இல் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 1.7 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் படிக அமைப்பை வெளியிட்டபோது, செம்பைப் பிடித்திருந்த 272ஆம் டைரோசின், அருகிலுள்ள 228ஆம் சிஸ்டீனோடு கந்தகம் வழியாகப் பிணைந்திருந்தது. யாரும் எதிர்பார்க்காத பிணைப்பு அது. தனி உறுப்பைத் தாங்கி நிலைநிறுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. 495ஆம் டைரோசின் அச்சுத் திசையில் தள்ளி நிற்கிறது. இரண்டு ஹிஸ்டிடின்கள் தளத்தில் இருக்கின்றன. உலோகமும் அதைப் பிடித்திருக்கும் ஈனியும் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்த வேலைப் பங்கீடுதான் பின்னால் வந்த செயற்கை மாதிரிகள் எல்லாவற்றுக்கும் விதை.

நொதியைப் பார்த்து மாதிரி செய்வது ஒருவழிப் பாதை என்று பலர் நினைக்கிறார்கள். கிராஞ்சி, மண்டாய் சேற்றுநிலங்களில் வாழும் குதிரைலாட நண்டை வைத்து அதை மறுக்கலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும் இந்த நண்டின் இரத்தத்திலிருந்த ஃபேக்டர் சி என்னும் புரதத்தின் மரபணுவை எடுத்து, நண்டைப் பிடித்து இரத்தம் எடுக்காமலேயே மருந்துகளில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க வழி செய்தார்கள். அந்த இரத்தம் நீலமாக இருப்பதற்குக் காரணம் ஹீமோசயனின். இரண்டு செம்பு அணுக்களுக்கு நடுவே ஆக்சிஜனைப் பிடித்துச் சுமக்கும் புரதம். ஆக்சிஜன் அங்கே எப்படி அமர்ந்திருக்கிறது என்பது தெரியாமலிருந்தது. 1989இல் தோக்கியோவில் நொபுமாசா கிதாஜிமா பைரசோல் வளையங்களைக் கொண்ட ஈனியில் ஒரு இரட்டைச் செம்பு பெராக்சைடைப் படிகமாக்கினார். அதில் ஆக்சிஜன் மூலக்கூறு பக்கவாட்டில் படுத்து, தன் இரு அணுக்களாலும் இரு செம்புகளையும் தொட்டுக்கொண்டிருந்தது. நிறமாலை ஹீமோசயனினுடையதோடு ஒத்துப்போனது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1994இல், குதிரைலாட நண்டின் ஆக்சிஜன் ஏற்ற ஹீமோசயனின் படிக அமைப்பு வெளிவந்தபோது அங்கேயும் ஆக்சிஜன் அதே கோலத்தில் இருந்தது. மாதிரி முன்னே போய்ப் புரதத்தின் உண்மையைச் சொன்னது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்வு இதுவே.

தமிழ்நாட்டில் இந்த வேலை திருச்சிராப்பள்ளியில் நடந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மல்லையன் பழனியாண்டவர் உருவாக்கிய குழு, உயிர் கனிம வேதியியலுக்கு இந்தியாவில் கிடைத்த முதன்மையான இடங்களில் ஒன்று. கேலக்டோஸ் ஆக்சிடேஸில் ஒரு டைரோசின் அச்சுத் திசையில் தள்ளி நிற்கிறது என்று மேலே சொன்னேன். சிறிய செம்பு அணைவுகளில், டைரோசினுக்கு நிகரான ஃபீனாலேட் அப்படி நிற்க விரும்பாது. தளத்துக்குள் நுழைந்து செம்போடு நெருங்கிப் பிணைந்துவிடும். 1998இல் இக்குழு ஃபீனாலேட் அச்சில் அமர்ந்த செம்பு அணைவுகளைச் செய்து, படிக அமைப்பு, நிறமாலை, எலக்ட்ரான் பரிமாற்றப் பண்புகள் மூன்றையும் சேர்த்து வெளியிட்டது. அது வினையூக்கி இல்லை, உருவ மாதிரி. ஆனால் நொதி ஏன் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் அந்த அமினோ அமிலத்தை நிறுத்தியிருக்கிறது என்று கேட்க வேண்டுமானால் அந்த இடத்தை முதலில் கட்டிப் பார்க்கத்தானே வேண்டும்.

அதே 1998இல் இரண்டு குழுக்கள் உருவத்தைத் தாண்டி வேலையைப் பிடித்தன. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டாக்கின் குழு, இரண்டு ஃபீனால்களைப் பைநாஃப்தில் என்னும் எலும்புக்கூட்டால் இணைத்தது. இரண்டு நாஃப்தலீன்கள் ஒற்றைப் பிணைப்பில் ஒட்டிக்கொண்டு, இட நெருக்கடியால் சுழல முடியாமல் முறுக்கி நிற்கும் அமைப்பு அது. செம்பின் இரண்டிணைதிறன் நிலை தட்டையான சதுரத்தை விரும்பும்; ஓரிணைதிறன் நிலை நான்முகியை விரும்பும். பைநாஃப்திலின் முறுக்கு செம்பை இரண்டுக்கும் நடுவே பிடித்துவைக்கிறது. அதனால் இரு நிலைகளுக்கும் இடையே போய்வருவது எளிதாகிறது. அறை வெப்பத்தில் ஆக்சிஜனைக் கொண்டு பென்சைல் ஆல்கஹால் போன்றவற்றை அது ஆல்டிஹைடாக்கியது. தனி உறுப்பு வழியும் நொதியினுடையதை ஒத்திருந்தது. ஜெர்மனியின் மியூல்ஹைமில் பல்குனி சௌதுரியும் கார்ல் வீகார்டும் கந்தகப் பாலம் கொண்ட ஃபீனால்களை இரட்டைச் செம்பில் கட்டினார்கள். எத்தனால்கூட அதில் ஆக்சிஜனேற்றம் ஆனது. ஹைட்ரஜன் பெராக்சைடு உடன் வந்தது. எத்தனாலின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு பென்சைல் ஆல்கஹாலினுடையதைவிட வலுவானது என்பதால் இது சிறிய செய்தி இல்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தை அப்படியே நகலெடுக்கத் தேவையில்லை, வேலைப் பங்கீட்டைக் கடன் வாங்கினால் போதும் என்று இரண்டு ஆய்வுகளும் காட்டின.

ஆனால் கை எங்கே? பென்சைல் ஆல்கஹாலில் கை இல்லை. தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் தேர்வுத் திறனைச் சோதிக்க முடியாது.

கைரல் செம்பு, ஆக்சிஜனேற்றத்தில் முதலில் தன்னை நிறுவிக்கொண்டது நொதியோடு தொடர்பில்லாத வேறொரு பாதையில். 1958இல் கராஷும் சொஸ்னோவ்ஸ்கியும், செம்பு உப்பும் பெர்எஸ்டர் என்னும் பெராக்சைடும் சேர்ந்து, இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனில் ஆக்சிஜனை ஏற்றும் வினையைக் கண்டார்கள். புதினாச் செடி லிமோனீனில் செய்வதும் அதே இடத்தில்தான். 1990களின் நடுவில் ஃபால்ட்ஸ், ஆண்ட்ரஸ், கட்சுகி ஆகியோர் இதில் கைரல் ஈனிகளைப் புகுத்தினார்கள். கான்பூர் ஐஐடியில் வினோத் கே. சிங்கின் குழு, பிரிடினின் இருபுறமும் ஆக்சசோலின் வளையங்கள் கொண்ட ஈனிகளை எடுத்துக்கொண்டு, வளையத்தில் இரண்டு ஃபீனைல் தொகுதிகளைக் கூடுதலாக வைத்தால் கைத்தேர்வு உயர்கிறது என்று காட்டியது. 1998இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜி. சேகர். சைக்ளோஹெக்சீன் போன்ற எளிய, கையற்ற பொருளிலிருந்து ஒரே கைவடிவம் மிகுந்த விளைபொருளை எடுக்க முடிந்தது. வினை முடியப் பல நாட்கள் பிடிக்கும் என்பதும், ஆக்சிஜனைத் தருவது காற்றாக இல்லாமல் விலை கூடிய பெர்எஸ்டராக இருப்பதும் இவ்வழியின் குறைகள்.

கோவிந்தசாமி சேகர் பின்னர் சென்னை ஐஐடிக்கு வந்து இரண்டு பாதைகளையும் ஒன்றாக்கினார். 2009இல் அவர் குழு வெளியிட்ட இரண்டு கட்டுரைகள், கைரல் செம்பு அணைவையே கேலக்டோஸ் ஆக்சிடேஸின் மாதிரியாக முன்வைத்தன. இரண்டாம் நிலை ஆல்கஹாலின் இரு கைவடிவங்களும் சரிபாதியாகக் கலந்த சுழிமாய்க் கலவையை எடுத்துக்கொண்டால், அந்தச் செம்பு ஒரு கையை வேகமாகக் கீட்டோனாக்கிவிடும். மறு கை ஏறக்குறைய தொடப்படாமல் மிஞ்சும். ஒரு கட்டுரை ஆல்கஹால்களைப் பற்றியது. இன்னொன்று மருந்து வேதியியலுக்குப் பயன்படும் அமினோ ஆல்கஹால்களைப் பற்றியது. நெடுங்காலமாக பலேடியம், ருத்தீனியம் போன்ற அரிய உலோகங்கள் ஆண்டுவந்த இந்த வினைவகையில் செம்பைக் கொண்டுவந்தது அந்த வேலையின் சிறப்பு. சென்னையிலிருந்து அது வெளிவருவதற்கு ஓராண்டு முன், 2008இல், மான்செஸ்டரில் எஸ்கலெட்டும் டர்னரும் அதே வினையை எதிர்த்திசையிலிருந்து அடைந்திருந்தார்கள். அவர்கள் கேலக்டோஸ் ஆக்சிடேஸ் நொதியையே எடுத்து, மரபணுவில் மாற்றங்களைப் புகுத்தி, தேர்ந்தெடுத்து, இரண்டாம் நிலை ஆல்கஹால்களில் கை பிரிக்கும் நொதியாக வளர்த்தார்கள். இயற்கை நொதிக்கு அந்த ஆல்கஹால்களில் ஆர்வமே இல்லை. ஒரே குறிக்கோளுக்கு ஓர் ஆய்வகம் புரதத்தைச் செதுக்கியது. இன்னொன்று சிறு மூலக்கூறைக் கட்டியது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது மாணவர்களுக்கு எந்தப் பாடநூலையும்விட அதிகம் கற்றுத்தரும்.

இவ்வகைப் பிரிப்பின் கணக்கைப் பார்த்தால் அதன் வலுவும் வலுவின்மையும் ஒருங்கே புலப்படும். ஒரு கைவடிவம் மற்றதைவிடப் பத்து மடங்கு வேகமாக வினைபுரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பொருளில் 60 விழுக்காடு தீரும்வரை வினையை ஓடவிட்டால், எஞ்சிய 40 விழுக்காட்டில் இரு கைகளின் பங்கு ஏறத்தாழ 93க்கு 7 என்று இருக்கும். இன்னும் ஓடவிட்டால் தூய்மை கூடும், அளவு குறையும். பத்து மடங்கு வேக வேறுபாட்டுக்கு அறை வெப்பத்தில் வேண்டிய ஆற்றல் வேறுபாடு மோலுக்கு 5.7 கிலோஜூல், நூறு மடங்குக்கு 11.4. நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றல் சுமார் 20 கிலோஜூல் என்பதை நினைத்தால், எவ்வளவு நுண்ணிய தள்ளுதலில் கை தீர்மானமாகிறது என்பது விளங்கும். புரதம் இந்தத் தள்ளுதலைத் தன் பள்ளத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் தருகிறது. சிறு மூலக்கூறுக்கு இருப்பது ஈனியிலுள்ள இரண்டு மூன்று பருத்த தொகுதிகள் மட்டுமே. இன்னொரு குறையை எந்தத் திறமையாலும் மறைக்க முடியாது: பிரிப்பு எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும் தொடக்கப் பொருளில் பாதி வேண்டாத கீட்டோனாகப் போய்விடும். அதை மீண்டும் ஆல்கஹாலாக ஒடுக்கிச் சுழற்சியில் விடலாம். அது கூடுதல் வேலை.

பாதியை இழக்காத வழிகளும் உண்டு. நாஃப்தாலை ஆக்சிஜனேற்றம் செய்து இரண்டிரண்டாக இணைத்து, முறுக்கிய பைநாஃப்தால் ஆக்குவது அவற்றில் ஒன்று. கையற்ற பொருளில் தொடங்குவதால் முழுவதும் ஒரே கையாக வர வாய்ப்பு உண்டு. ஜப்பானில் நக்காஜிமா புரோலின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து கிடைத்த டைஅமின்களைச் செம்போடு சேர்த்து, காற்றைக் கொண்டு இதைச் செய்தார். அமெரிக்காவில் மரிசா கொஸ்லோவ்ஸ்கி இருவளைய டைஅமின்களால் கைத்தேர்வை மேலும் உயர்த்தினார். ஸ்டாக்கின் ஈனிக்கு எலும்புக்கூடாக இருந்த அதே பைநாஃப்தில் குடும்பத்தைச் செம்பும் காற்றுமே கட்டித் தருகின்றன. பாஸ்டனில் ஜான் போர்க்கோ 2005இல் ஸ்பார்ட்டீன் என்னும் தாவரக் காரப்பொருளைச் செம்போடும் ஆக்சிஜனோடும் சேர்த்து, ஃபீனால் வளையத்தின் அரோமாட்டிக் தன்மையை ஒரே கையில் உடைத்தார். அசாஃபிலோன் வகைப் பூஞ்சை நிறமிகளை அந்த வழியில் கட்டினார். ஃபீனால்களை ஆக்சிஜனேற்றும் டைரோசினேஸ் என்னும் செம்பு நொதியை நெருங்கிய மாதிரி அது. ஆனால் செம்பு ஊக்கியளவில் இல்லாமல் பொருளின் அளவைவிட அதிகமாகவே தேவைப்பட்டது. இத்தாலியில் பாவியாவின் லூயிஜி கசெல்லாவும் மிலானின் குல்லொத்தியும் ஹிஸ்டிடினையும் பைநாஃப்திலையும் வைத்து இரண்டு, மூன்று செம்புகள் கொண்ட கைரல் அணைவுகளைச் செய்து, டோப்பா என்னும் அமினோ அமிலத்தின் இரு கைவடிவங்களில் எது வேகமாக ஆக்சிஜனேற்றம் ஆகிறது என்று அளந்தார்கள். வேறுபாடு மிதமானதுதான். செம்பைச் சுற்றிப் புரதத்தின் துண்டுகளையே வைத்தாலும் பள்ளம் தானாக வந்துவிடாது என்ற பாடம் அதில் இருக்கிறது.

நொதி மாதிரி என்ற பெயர் இன்று தாராளமாகப் புழங்குகிறது. இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. செம்பும் டெம்போ என்னும் நிலையான தனி உறுப்பும் சேர்ந்த வினையூக்கியை 1984இல் செம்மல்ஹாக் அறிமுகப்படுத்தினார். 2011இல் ஹூவரும் ஸ்டாலும் பைபிரிடின், மெத்தில் இமிடசோல் சேர்த்து அதை அறை வெப்பத்தில், திறந்த காற்றில், முதல்நிலை ஆல்கஹாலை மட்டும் தேர்ந்தெடுக்கும் அருமையான கருவியாக்கினார்கள். உலோகம் ஓர் எலக்ட்ரான், தனி உறுப்பு ஓர் எலக்ட்ரான் என்ற பங்கீடு அங்கேயும் இருக்கிறது. ஆயினும் தனி உறுப்பு செம்போடு ஒட்டிப் பிறந்ததில்லை, வெளியிலிருந்து போடப்பட்டது. அதைக் கேலக்டோஸ் ஆக்சிடேஸ் மாதிரி என்று அழைப்பதைவிட, நொதியிடமிருந்து ஒரு கருத்தைக் கற்ற வினையூக்கி என்பதே பொருத்தம். ஒரு சேர்மம் மாதிரி என்ற பெயரைப் பெற வேண்டுமென்றால் சிலவற்றையாவது காட்ட வேண்டும்: ஆக்சிஜன் எங்கே போய்ச் சேர்ந்தது, ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவு வந்தது என்று அளந்திருக்க வேண்டும், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்தால் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்திருக்க வேண்டும், தனி உறுப்பு ஈனியில்தான் நிற்கிறது என்பதற்கு நிறமாலைச் சான்று வேண்டும். ஸ்டாக்கும் வீகார்டும் இந்த உழைப்பைச் செய்தார்கள். கைரல் ஆய்வுகளில் கைத்தேர்வின் விழுக்காடு பெரிய எழுத்தில் நிற்க, இந்த அளவீடுகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. விழுக்காடு உயர்ந்ததற்குக் காரணம் தெரியாவிட்டால் அடுத்த பொருளுக்கு எந்த ஈனி என்று மறுபடியும் தடவித்தான் பார்க்க வேண்டும்.

நொதியையே மாற்றி வளர்க்க முடியும்போது மாதிரி எதற்கு என்ற கேள்வி 2019இல் கூர்மையாக எழுந்தது. எச்ஐவி மருந்தான இஸ்லாட்ரவிரை மெர்க் நிறுவன வேதியியலாளர்கள் ஒன்பது நொதிகளைக் கொண்டு தயாரித்துக் காட்டினார்கள். முதல் படியே கேலக்டோஸ் ஆக்சிடேஸ்தான். எத்தினைல் கிளிசராலில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ஆல்கஹால் முனைகளில் ஒன்றை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்து, கையற்ற பொருளுக்குக் கையைக் கொடுத்தது அந்த வளர்ப்பு நொதி. பாதி இழப்பு இல்லை. செம்பின் தனி உறுப்பு நிலையை விழிப்பாக வைத்திருக்கக் குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸும், பெராக்சைடை அகற்றக் கேட்டலேஸும் துணைக்கு இருந்தன. சிறு மூலக்கூறு வேதியியலில் இதற்கு நிகரான ஒன்றை நான் அறியேன். இருந்தும் மாதிரிகளைக் கைவிட இது காரணமாகாது. புரதம் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனது. அதன் ஆடிபிம்பம் இயற்கையில் கிடைக்காது. மறு கை வேண்டுமானால் நொதியை முதலிலிருந்து மறுபடி வளர்க்க வேண்டும். சிறு ஈனியை இரண்டு கையிலும் ஒரே முயற்சியில் செய்துகொள்ளலாம். நீரில் கரையாத பெரிய மூலக்கூறுகள், கரிமக் கரைப்பான்கள், அதிக செறிவு ஆகியவற்றில் சிறு மூலக்கூறு தயங்காமல் வேலை செய்யும். இரண்டையும் இணைக்கவும் முயல்கிறார்கள்: பொரோவிக்கும் வார்டும் செயற்கைச் செம்பு அணைவை ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்துக்குள் பொருத்தி, ஹைட்ரஜன் பிணைப்புகள் பெராக்சைடை எப்படித் திருத்துகின்றன என்று பார்த்தார்கள்.

காற்றைப் பயன்படுத்துவதென்றால் தொழிற்சாலை கேட்கும் முதல் கேள்வி பாதுகாப்பு. கரிமக் கரைப்பானின் ஆவியும் தூய ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பொறி ஒன்று போதும். அதனால் ஸ்டாலின் குழு, நைட்ரஜனில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான ஆக்சிஜன் கலந்த வாயுவை அழுத்தத்தில் குழாய் வழியே ஓடவிட்டு, செம்பு–டெம்போ வினையைத் தொடர்ச்சியாக நடத்தும் முறையை உருவாக்கியது. ஜூரோங் தீவைப் போல வேதியியல் ஆலைகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் இத்தகைய நுணுக்கங்கள் ஈனியின் அழகைவிட முக்கியம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷுன்சுகே சிபாவின் குழு செம்பையும் ஆக்சிஜனையும் வைத்து, நைட்ரஜன் தொகுதி ஒன்றை வழிகாட்டியாக்கி, கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பில் ஆக்சிஜனைச் செருகும் வினைகளை உருவாக்கியது. அவை கைரல் வினைகள் இல்லை. ஆனால் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் இந்த அறிவு ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது.

இனி எட்டாமல் இருப்பதைச் சொல்ல வேண்டும். நம் உடலிலேயே ஒரு செம்பு நொதி, டோபமின் பீட்டா மோனோஆக்சிஜனேஸ், கையற்ற டோபமினில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகி ஒரே கைவடிவ நார்அட்ரினலினாக மாற்றுகிறது. எலக்ட்ரான்களை வைட்டமின் சி தருகிறது. ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை எடுப்பதைவிட இது பல மடங்கு கடினம். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைத்து, அந்த இடத்திலேயே, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஆக்சிஜனை வைக்க வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு, அறை வெப்பத்தில், ஊக்கியளவு செம்பில், உயர்ந்த கைத்தேர்வோடு இதைச் செய்யும் பொதுவான சிறு மூலக்கூறு இன்னும் கைவரவில்லை. டால்மன் 1996இல் காட்டிய இரட்டை ஆக்சோ செம்பு போன்ற வீரியமுள்ள இனங்கள் பெரும்பாலும் −80 பாகை செல்சியஸ் அளவிலேயே உயிர்பிழைக்கின்றன. சற்று வெப்பம் ஏறினால் அவை முதலில் எரிப்பது தம் சொந்த ஈனியை. காளான்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்க வேண்டும்: செல்லுலோஸை வெட்டும் அவற்றின் நொதியில் செம்பைப் பிடித்திருக்கும் முனை ஹிஸ்டிடின் மேல் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டப்பட்டிருக்கிறது; தன்னைத்தானே எரித்துக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடாக அது இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கைரல் ஈனிகளில் எளிதில் எரியக்கூடிய கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை முன்கூட்டியே நீக்கி வடிவமைப்பதை அங்கிருந்து கற்கலாம்.

இன்னொரு பாடம் தொலைவைப் பற்றியது. டோபமின் நொதியின் நெருங்கிய உறவான, பெப்டைடு ஹார்மோன்களைப் பதப்படுத்தும் செம்பு நொதியின் அமைப்பு 1997இல் வெளியானபோது, அதன் இரண்டு செம்புகளும் சுமார் 11 ஆங்ஸ்ட்ராம் விலகி நின்றன. ஒரு செம்பு ஆக்சிஜனைப் பிடிக்கிறது. மற்றது எலக்ட்ரானைச் சேமித்து வைத்துத் தக்க நேரத்தில் தருகிறது. நம் மாதிரிகளில் பெரும்பாலானவை இரண்டு செம்புகளை 3 அல்லது 4 ஆங்ஸ்ட்ராமில் ஒட்டவைத்துவிடுகின்றன. ஏனென்றால் ஹீமோசயனினும் டைரோசினேஸும் அப்படி இருக்கின்றன. ஆக்சிஜனைப் பிடிக்கும் செம்பைச் சுற்றிக் கைரல் பள்ளம், எலக்ட்ரானைத் தரும் செம்பு எட்ட நிற்க, இடையே விறைப்பான நீண்ட எலும்புக்கூடு என்று ஒரு ஈனியைக் கட்டிப் பார்க்கலாம். பைநாஃப்தில் தெரிந்த கைகளுக்கு, அது திருச்சியானாலும் சென்னையானாலும் நன்யாங்கானாலும், அத்தகைய எலும்புக்கூடு எட்டாத பொருளில்லை. அதில் முதலில் அளக்க வேண்டியது கைத்தேர்வின் விழுக்காடு இல்லை; அந்த 11 ஆங்ஸ்ட்ராம் தொலைவை எலக்ட்ரான் எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதே.